கார்த்திகை மழையில் நாகர்கோவில்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாகர்கோவில் என்பது ரயில் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு ஸ்டேஷன், அல்லது வடசேரியில் பஸ் மாறும் பத்து நிமிடம். விடியற்காலையில் முக்கடல், பத்து மணிக்குப் படகு, மதியம் சுசீந்திரம், ராத்திரி ஊர் திரும்ப ரயில். இந்தக் கணக்கில் மாவட்டத்தின் தலைநகரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம்கூடக் கிடைப்பதில்லை. 2019இல் மாநகராட்சியான ஊர் இது. நாஞ்சில் நாட்டுக்குச் சந்தை, கோர்ட்டு, காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கேதான். நவீனத் தமிழ் இலக்கியத்தில் இந்த ஊர் அளவுக்கு எழுத்தாளர்களைத் தந்த ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நவம்பரில் வரட்டுமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: நாகர்கோவிலில் மூன்று ராத்திரி தங்குங்கள். குமரிமுனையைக் கடைசி நாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பாதியில் தொடங்கி கார்த்திகை முடிகிற வரை உள்ள ஒன்றரை மாதத்தைச் சுற்றுலாக்காரர்கள் மழைக்குப் பயந்து தள்ளிவைக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊர் ஊராக இருப்பதே இந்த நாட்களில்தான்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருக்கிறது. குமரி மாவட்டம் இரண்டு மழையும் வாங்குகிற மண். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து சாரல், ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து இடியும் மின்னலுமாகக் கனத்த மழை. வயலிலும் அதனால் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ அறுப்பு முடிந்து, மறுபடியும் உழுது நட்ட கும்பப்பூ நெல் கார்த்திகையில் பச்சை கட்டி நிற்கும். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். வள்ளியூர், பணகுடி வரை செம்மண்ணும் உடைமரமும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் இடது பக்கம் வலது பக்கம் இரண்டும் மாறிவிடும். ஆடிக் காற்றில் விடாமல் சுற்றிய முப்பந்தல் காற்றாலைகள் இப்போது மெதுவாகத்தான் அசையும். மலை உச்சிகளில் மேகம் தொங்கும். தோவாளை தாண்டினால் தென்னையும் வாழையும் குளமும்.

மழைக்கு இங்கே ஒரு ஒழுங்கு உண்டு. புயல் சின்னம் எதுவும் இல்லாத நாட்களில் காலையில் வெயில் பளீரென்று அடிக்கும். மதியத்துக்குமேல் மேற்கு மலையில் கறுப்புக் கூடும். மூன்று, நான்கு மணிக்கு இறங்கும் மழை பெரும்பாலும் ராத்திரிக்குள் வெறித்துவிடும். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டு நாளைப் பிரித்துக்கொண்டால் போதும். காலையில் குளமும் வயலும் சந்தையும். மதியத்துக்குமேல் கூரை உள்ள இடங்கள். ராத்திரி கோட்டாறு.

கோட்டாற்றுத் தேர்

நவம்பர் கடைசியில் வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழாவைத்தான். நவம்பர் 24 வாக்கில் கொடியேறி, டிசம்பர் 3இல் முடியும் பத்து நாள் திருவிழா. டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஒரு புனிதரின் நினைவு நாளுக்குக் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் திருவிழாக் கடைக்குக் கிளம்பும் ஊர் இது.

பிரான்சிஸ் சவேரியார் ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர். 1542இல் கோவாவில் இறங்கி, அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1544இல் வடுகர் படை வேணாட்டுக்குள் புகுந்தபோது அவர் சிலுவையோடு எதிரே போய் நின்று தடுத்தார் என்றும், மனம் நெகிழ்ந்த வேணாட்டு அரசன் கோட்டாற்றில் கோயில் கட்ட இடம் கொடுத்தான் என்றும் இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரம் ஒரு தீவில் அவர் இறந்தார். அந்த நாள்தான் இங்கே தேர் நாள்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் ராத்திரி தேர்ப்பவனி. பத்தாம் நாள் பகலில் கடைசிப் பவனி. தேருக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போகச் சொல்கிறேன். ஈரத் துணியோடு ஆணும் பெண்ணுமாகத் தரையில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, சில அடி நடந்து, மறுபடியும் விழுந்து கும்பிடுவார்கள். கும்பிடு நமஸ்காரம் என்று பெயர். மகன் படித்து வேலைக்குப் போனதற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, கடலுக்குப் போனவன் திரும்பி வந்ததற்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்ச்சை. தேர் வரும் பாதையில் உப்பும் மிளகும் மெழுகுவர்த்தியும் விற்பார்கள். அவற்றை வாங்கிக் காணிக்கையாகப் போடுவது வழக்கம். சாலையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் தேருக்குப் பின்னால் வருகிறவர்கள் அதிலேயே விழுவார்கள். யாரும் ஒதுங்கிப் போக மாட்டார்கள்.

பேராலயத்துக்குள் பீடத்துக்கு அருகே தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரியாக இருந்தவர். 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலிலேயே அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம். திருமணமாகிக் குடும்பத்தோடு வாழ்ந்த ஓர் இந்தியப் பொதுநிலையினர் புனிதரானது அதுவே முதல்முறை. திருவிழா நாட்களில் அந்தக் கல்லறையைத் தொட்டுக் கும்பிட வரிசை நீண்டுகொண்டே போகும். கூட்டம் வேண்டாம் என்றால் காலை ஏழு மணிக்கு முன்பு போய்விடுங்கள்.

கோட்டாறு வந்துவிட்டால் கம்போளத்துக்குள் நுழையாமல் திரும்பக் கூடாது. நல்லமிளகு, கிராம்பு, ஏலம், சுக்கு, கருப்பட்டி, புளி என்று மூட்டை மூட்டையாக விலை பேசும் பழைய மொத்தச் சந்தை இது. லாரி ஒதுங்க இடமில்லாத குறுகின தெருவில் சுமட்டுக்காரர்கள் வழிவிடச் சொல்லிக் கூவிக்கொண்டே போவார்கள். கார்த்திகையில் கருப்பட்டிக்கும் சுக்குக்கும் தேவை கூடும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கத்திலேயே இடலாக்குடி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்து அவதானம் செய்து காட்டிய தமிழ்ப் புலவர். கம்பராமாயணப் பிரசங்கத்தில் புகழ் பெற்ற இஸ்லாமியர். அவருக்கு இடலாக்குடியில் மணிமண்டபம் உண்டு. சவேரியார் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஊர்களைக் கூட்டிச் சேர்த்த நகரம்

நாகர்கோவிலை ஒரே ஊராக நினைத்து வருகிறவர்களுக்கு அது பிடிபடுவதில்லை. கோட்டாறு, வடசேரி, வடிவீஸ்வரம், ஒழுகினசேரி, கிருஷ்ணன்கோவில், வெட்டூர்ணிமடம் என்று தனித்தனிக் குணமுள்ள ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் இந்த நகரம். காரில் சுற்றினால் நெரிசல்தான் மிஞ்சும். வேப்பமூட்டிலோ மணிமேடையிலோ இறங்கி நடக்க வேண்டும்.

மணிமேடை 1893இல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் வருகையை ஒட்டிக் கட்டியது. அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த டதி பாதிரியார். அதே மிஷன்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் கொண்டுவந்தது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதில் இருக்கிறது. ஏழைப் பெண்கள் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டு சொந்தக் காசு கையில் பார்த்ததும் அந்த மிஷன் வளாகத்தில்தான். தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை பெண்கள் போராட வேண்டியிருந்த நாட்களில், அந்தக் காசுக்கும் அந்தப் படிப்புக்கும் இருந்த மதிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாகராஜா கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஊருக்குப் பெயர் தந்த கோயில். இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் மூலவருக்கு இன்றும் ஓலைக் கூரைதான். கருவறையின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த மண்ணையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணர்களின் பெயரைச் சொல்கின்றன. சமணப் பள்ளி நாகர் கோயிலானதா, இரண்டும் சேர்ந்தே இருந்தனவா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பேசட்டும். நாம் அந்தத் தூண்களின் முன்னால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அரசமரத்தடியில் வரிசையாக நிற்கும் நாகர் சிலைகளில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றியிருப்பார்கள். மழை ஈரத்தில் மஞ்சளும் பாலும் சேர்ந்து கல்லெல்லாம் வழியும்.

அங்கிருந்து வடசேரி நடை தூரம்தான். கோயில் நகை செய்யும் பொற்கொல்லர் குடும்பங்கள் உள்ள இடம். வெள்ளியில் கட்டம் கட்டி, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களைப் பதித்து, மேலே பொன் தகடு ஒட்டிச் செய்யும் நகைகள். ஒரு காலத்தில் சாமிக்கு மட்டும். பிறகு பரதநாட்டிய மேடைக்கு. இப்போது கல்யாண வீட்டுக்கும். புவிசார் குறியீடு பெற்ற தொழில் இது. பட்டறையில் உட்கார்ந்து ஒரு ராக்கொடியில் கல் பதிப்பதைப் பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அரக்கைச் சூடாக்கி, கல்லை வைத்து, விளிம்பை ஊசி முனையால் நெருக்கிவிடுகிற அந்த வேலைக்கு இளைய தலைமுறை வருவது குறைந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய கவலை. மெஷினில் வார்த்த மலிவு நகையோடு விலையில் போட்டி போட இவர்களால் முடியாது. நகை வாங்குகிறவர்கள் பேரம் பேசும் முன் ஒரு மணி நேரம் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

புத்தகம் படிக்கிறவர்களுக்கு வேறு ஒரு நாகர்கோவிலும் உண்டு. 1966இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ இந்த ஊர்ச் சந்திப்பை வைத்து எழுதிய நாவல். காலச்சுவடு பதிப்பகம் இயங்குவதும் இங்கிருந்துதான். நாஞ்சில் நாடன் பக்கத்து வீரநாராயணமங்கலத்துக்காரர். ஜெயமோகன் பார்வதிபுரத்தில் இருக்கிறார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்தது பூதப்பாண்டியில். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908 நவம்பர் 29 அன்று ஒழுகினசேரியில் பிறந்தவர். அந்த நாளில் இங்கே இருந்தால் பழையாற்றுப் பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள். மழைக்குச் செங்காவி நிறத்தில் கரை தொட்டு ஓடும் ஆறு, கோடையில் பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியாது.

நவம்பர் 1ஆம் தேதியே வந்துவிடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். 1956இல் அந்த நாளில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1954 ஆகஸ்டில் அந்தச் சேர்க்கைக்காகப் போராடி, புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு அன்று மாலை விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கே கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதையைச் சொல்லுங்கள். மொழிக்காக எல்லை மாறியதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதற்கும் இங்கே நின்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

விடியலுக்கு முன் தோவாளை

ஒரு நாளாவது விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். தோவாளைப் பூச்சந்தை சூரியனுக்காகக் காத்திருப்பதில்லை. பிச்சி, மல்லி, முல்லை, அரளி, சம்பங்கி, கொழுந்து, மரு, துளசி, கோழிக்கொண்டை, தாமரை. உள்ளூர்த் தோட்டத்துப் பூவோடு திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பூவும் வந்து இறங்கும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கேரள வியாபாரிகள். கார்த்திகை முதல் தேதி சபரிமலையில் மண்டல காலம் தொடங்கிவிடுவதால் அந்தப் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் பூ வேண்டும். இங்கேயோ மழைக்கும் பனிக்கும் மல்லி வரத்து குறைந்திருக்கும். முகூர்த்த நாள் சேர்ந்துகொண்டால் விலை ஏணி வைத்து ஏறும். மின்விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சாக்கு விரித்து, கைத்தராசும் எலெக்ட்ரானிக் தராசுமாக விலை சொல்லும் சத்தத்தில் நம் காதில் ஒன்றும் தனியாக விழாது. வாசனை மட்டும் தலைக்கு ஏறும். காலை எட்டு மணிக்குப் போனால் காலிக் கூடையும் வாடின இலையும்தான்.

சந்தையைச் சுற்றிய வீடுகளில் மாணிக்க மாலை கட்டுகிறவர்களைப் பார்க்காமல் வராதீர்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை. இவ்வளவுதான் பொருள். ஒவ்வொரு பூவையும் விரலால் மடித்து, மடிப்பு வெளியே தெரியாமல் நாரில் சேர்த்து, பட்டையாக நெருக்கிக் கட்டும்போது பதித்த மணி போலக் கட்டம் கட்டமாக விழும். கட்டுகிற அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் மடிப்பார். கண் மாலையில் இருக்காது. “ஒண்ணு மடிச்சுப் பாக்கியளா?” என்று நம் கையில் ஒரு பூவைக் கொடுத்தால், அது நம் விரலில் இரண்டாகக் கிழிந்துவிடும். 2025இல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டுகிறவர்களின் கூலி அதனால் உயர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தேரூர்க் குளத்து விருந்தாளிகள்

தோவாளையிலிருந்து திரும்பி, இட்லி சாப்பிட்ட கையோடு தேரூருக்குப் போய்விடலாம். சுசீந்திரம் - தேரூர் சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. சுற்றி வயல், தெற்கே சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கோபுரம், வடக்கே மலை. ஐப்பசியில் வரத் தொடங்கும் வலசைப் பறவைகள் கார்த்திகையில் குளத்தை நிறைத்துவிடும். நீலச்சிறகி வாத்துகள் வடக்கே வெகு தூரத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகின்றன. ஊசிவால் வாத்து, மீசை ஆலா, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் பார்க்கக் கிடைக்கும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நீளமான விரல்களை அகலப் பரப்பி, இலை அமுங்குவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். காலை ஆறரை முதல் எட்டரை வரை நல்ல நேரம். கரையில் வண்டியை நிறுத்திப் பாட்டுப் போடாமல் இருப்பது நாம் செய்ய வேண்டிய ஒரே மரியாதை.

இதே தேரூரில்தான் 1876இல் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். குழந்தைகளுக்கு எளிய பாட்டு எழுதியவர் என்றே பலர் அறிந்திருக்கிறார்கள். சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள் வழி உரிமையில் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் பட்ட பாட்டை நூலாக எழுதி, அந்த முறையை மாற்றும் பேச்சுக்கு வலு சேர்த்தவரும் அவர்தான். ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதைப் பார்க்காமல் 1954இல் காலமானார்.

இந்தக் குளங்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மலையில் பெய்வது பேச்சிப்பாறைக்கும் பெருஞ்சாணிக்கும் வந்து, கால்வாயில் இறங்கி, ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற ஏற்பாடு. பேச்சிப்பாறை அணையை 1897 முதல் 1906 வரை கட்டி முடித்த மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கார்த்திகையில் நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் தேடுவது பேச்சிப்பாறை நீர்மட்டத்தை. நாற்பத்தெட்டு அடி அணை எத்தனை அடிக்கு வந்திருக்கிறது என்பதில் கும்பப்பூவின் விதி இருக்கிறது. வயலை மண் போட்டு நிரப்பிப் பிளாட் போடும்போது மூடப்படுவது வாய்க்காலும்தான். 2021 நவம்பர் மழையில் நகரத்தின் தெருக்களில் தண்ணீர் ஏறியதையும், இரணியல் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றதையும் பார்த்த பிறகாவது வயலை விற்கவும் வாங்கவும் நமக்குக் கை நடுங்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து, காட்சி அழகாக இருக்கிறது என்று இங்கே வீட்டுமனை விசாரிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மழை கொட்டினால்

மதியம் இருட்டிக்கொண்டு வந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். தக்கலை வழியாக முக்கால் மணி நேரம். திங்கட்கிழமை பூட்டியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறைதான். வெயில் காலத்தில் அது ஒரு மரக் கட்டடம். மழையில்தான் அதைக் கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்கள் என்பது விளங்கும். தாழ இறங்கிய ஓட்டுச் சரிவு, சாய்ந்த மர அழிகள், நடு முற்றத்தில் நாலா பக்கமும் ஊற்றும் தண்ணீர், அதை உடனே வாங்கி வெளியே விடும் கல் ஓவு. காற்று வரும், சாரல் வராது. சிரட்டைக் கரியும் வேறு பலவும் சேர்த்து மெழுகிய கறுப்புத் தரையில் வெளிச்சம் ஆடும். தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூணில் வேலைப்பாட்டைத் தடவிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊட்டுப்புரையில், மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிக்கிய டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவருக்கே படைத் தலைவராகி இங்கே இருந்தார். 1777இல் இறந்தவரின் கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது. தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் இவர்தான். கோட்டாற்றுக் கல்லறையைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தால் கதை முழுதாகும்.

திற்பரப்பு அருவிக்கு இந்த மாதத்தில் அவசரப்பட வேண்டாம். அணை திறந்துவிட்டால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்ட நாளில் போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். காரணத்தோடுதான் போடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மழை நாளில் நாகர்கோவில் டீக்கடையின் ரசவடையும் பழம்பொரியும் தவறவிடக் கூடாதவை. மதியம் அவித்த மரச்சீனிக் கிழங்கும், தேங்காய் அரைத்துக் குடம்புளி போட்ட சாளை மீன் கறியும். மீன் சாப்பிடாதவர்களுக்கு உள்ளித் தீயல், அவியல், துவரன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்தைக் குலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். விரல் நீளத்துக்குமேல் கொஞ்சம்தான் இருக்கும். தோல் மெல்லிசு, மணம் அறை நிறையும்.

கார்த்திகையின் பலகாரம் எந்த ஓட்டலிலும் கிடைக்காது. திருக்கார்த்திகை அன்று வீட்டுக்கு வீடு ஓலைக்கொழுக்கட்டை. பனங்குருத்தோலையை நறுக்கித் துடைத்து வைத்துக்கொள்வார்கள். வறுத்த பச்சரிசி மாவு, அவித்த சிறுபயறு, துருவிய தேங்காய், காய்ச்சி வடித்த கருப்பட்டி, சுக்கு, ஏலம். இதைப் பிசைந்து ஓலையின் மடிப்புக்குள் நீளமாக அடைத்து, மேலே இன்னொரு ஓலையை மூடி, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். கம்போளத்தில் கருப்பட்டிக்கும் சுக்குக்கும் கிராக்கி ஏறுவது இதற்குத்தான். வெந்த ஓலையைப் பிரிக்கும்போது ஓலையின் கோடுகள் கொழுக்கட்டைமேல் அப்படியே பதிந்திருக்கும். தெரளி இலையில் செய்தால் வாசனை வேறு மாதிரி. சாயங்காலம் கோயிலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். 2025இல் திருக்கார்த்திகையும் சவேரியார் தேரும் டிசம்பர் 3ஆம் தேதி ஒன்றாக வந்தன. கோட்டாறு வட்டாரத்து வீடுகளில் கொழுக்கட்டைப் பானை இறங்கவும், தேர் பார்த்துவிட்டு விருந்தாட்கள் வரவும் சரியாக இருந்தது. இங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூசாமல் போய்க் கதவைத் தட்டுங்கள். “வா மக்கா, ஓலையப் பிரி” என்பார்கள்.

கடைசிச் சாயங்காலம் குமரிமுனை

குமரிமுனையில் சூரிய உதயம் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கி மறைவதைப் பார்க்க இந்த மாதங்கள்தான். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் மேற்குக் கரையைத் தாண்டித் தண்ணீரில் விழும். கோடையில் தரைப் பக்கம் மறைந்துவிடும். அதனால்தான் சாயங்காலம் போகச் சொன்னேன். 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அன்று கரையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கரையில் நிற்கும்போது 2017 நவம்பர் 30ஐ நினைக்காமல் எங்களால் முடியாது. ஒக்கி ஒரே ராத்திரியில் வலுத்துப் புயலானபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பல வீடுகளுக்கு உடல்கூடத் திரும்பவில்லை. மலைப்பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. ஆண்டுதோறும் அந்த நாளில் கடற்கரை ஊர்களில் மெழுகுவர்த்தி ஏற்றித் திருப்பலி நடக்கிறது. நவம்பர் 30 அன்று குளச்சலுக்கோ முட்டத்துக்கோ கடல் பார்க்கப் போகிறவர்கள், அந்த ஊர் என்ன நாளில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் கடலில் கால் நனைக்கவும் வேண்டாம்.

இனி ஏற்பாடு. சென்னை எழும்பூரிலிருந்து 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. அதிகாலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில். ராத்திரி ரயில்கள் பல உண்டு. பகல் ரயிலில் வந்தால்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்க்கலாம். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப சாமிமார் கூட்டம் குமரியிலும் சுசீந்திரத்திலும் நிறைந்துவிடும். கன்னியாகுமரியில் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கூடுதல். நாகர்கோவிலில் கிடைக்கும். தேர் நாட்களுக்கு மட்டும் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவைத்துவிடுங்கள். குடையைவிடச் செருப்பு முக்கியம். தோல் செருப்பு மூன்றாம் நாள் வாயைப் பிளந்துவிடும், ரப்பர் செருப்பு கொண்டுவாருங்கள். கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பாதிக்குமேலும் விடுப்பு மிச்சம் இருந்தால் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்குக் கொடியேறும் வரை தங்கலாம். மூன்றாம் நாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றிலிருந்து பிள்ளையாரும் வேளிமலையிலிருந்து குமாரசாமியும் அப்பா அம்மாவின் திருவிழாவுக்கு வந்து சேர்வார்கள்.